பெரிய பிரேக் கிட் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனியிலிருந்து வந்த பிரேக்கைக் கழற்றிவிட்டு, பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கை இரு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) மாட்டிக்கொள்ள நினைக்கிற பெர்ஃபார்மென்ஸ் கார்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும், அப்படித்தானே?

இல்லை. ஒரே ஒரு முறை முழு பிரேக் அடித்து நிறுத்துவதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் இருக்காது. காரை நிறுத்துவது டயர்தான். பிரேக்கின் வேலை சக்கரத்தின் சுழற்சியைத் தடுப்பதோடு முடிந்துவிடுகிறது. முழு பலத்தோடு மிதிக்கும்போது ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற அமைப்பு) துடிக்கிறது என்றால், டயர் தாங்கக்கூடியதைவிட அதிகமான பலம் உங்கள் பழைய பிரேக்கிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பலம் கூட்டினால் ஏபிஎஸ் கொஞ்சம் முன்னதாகத் துடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் போகிற கார் நிற்க சுமார் 39 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் டிஸ்க்கின் அளவு எந்த இடத்திலும் வராது. நிற்கும் தூரம் குறையவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.

அப்புறம் எதற்கு ரேஸ் காரிலெல்லாம் அவ்வளவு பெரிய டிஸ்க்?

சூட்டுக்காக. பிரேக் என்பது அடிப்படையில் வேகத்தைச் சூடாக மாற்றுகிற ஒரு அடுப்பு. 1500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 5.8 லட்சம் ஜூல் சக்தி சூடாக மாறுகிறது. அதே கார் 200-லிருந்து 100-க்குக் குறைந்தால் சுமார் 17 லட்சம் ஜூல். இரண்டிலும் வேகம் குறைந்தது 100 கி.மீ. அளவுக்குத்தான், ஆனால் சூடு மூன்று மடங்கு. வேகம் இரட்டித்தால் சக்தி நாலு மடங்காவதன் விளைவு இது.

இந்த 17 லட்சத்தில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் ஏறக்குறைய 6 லட்சம் ஜூல். டிஸ்க்கின் இரும்பு வளையம் 8 கிலோ என்றால், அந்த ஒரு பிரேக்கிங்கில் மட்டும் அதன் சூடு 150 டிகிரி ஏறும். 11 கிலோ என்றால் 110 டிகிரி. ஒரு தடவைக்கு இது பெரிய விஷயமில்லை. ட்ராக்கில் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு தடவை, ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல், சுற்றுக்குப் பின் சுற்றாக இதைச் செய்யும்போதுதான் பெரிய டிஸ்க்கின் அருமை தெரியும். கூடுதல் இரும்பு சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது, கூடுதல் பரப்பும் உள்ளே இருக்கிற காற்றுப் பாதைகளும் அதை வெளியே தள்ளுகின்றன.

1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோது அதில் இருந்தவை டன்லப் டிஸ்க் பிரேக்குகள். அப்போதைய டிரம் பிரேக்காலும் காரை ஒரு முறை நன்றாகவே நிறுத்த முடிந்தது. இருபத்து நாலு மணி நேரமும் ஒரே மாதிரி நிறுத்துவதுதான் சிக்கல். இன்றைக்குப் பெரிய பிரேக் கிட்டை நியாயப்படுத்துகிற காரணமும் அதேதான்.

எனக்குத் தேவையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரேக் எப்படிக் கைவிடுகிறது என்பதைக் காலால் கவனியுங்கள். இரண்டு விதம் இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து வேறு.

பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் கார் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் பேட் (காலிப்பருக்குள் டிஸ்க்கில் உரசுகிற கட்டை) அதன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு போலாகி, தரை வரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் இருக்கும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், அதனால் உங்கள் மிதி முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். இரண்டில் இது பயங்கரமானது. எனக்கு ஒரு முறை நாலாவது சுற்றில் நடந்திருக்கிறது. இரண்டு வருஷமாக மாற்றாத ஆயில், தப்பு முழுக்க என்னுடையது.

முதல் வகைக்குச் சூடு தாங்கும் பேட் போட்டுப் பாருங்கள். இரண்டாவதற்கு நல்ல ஆயில் மாற்றிப் பாருங்கள். கூடவே பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய் இழுத்துவிடுங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் பிரச்சினை தொடர்ந்தால், அல்லது பேட்டும் டிஸ்க்கும் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்தால், அப்போது பெரிய கிட் பற்றிப் பேசலாம்.

ஊகத்தில் முடிவெடுக்கப் பிடிக்காதவர்களுக்கு, டிஸ்க்கின் ஓரத்தில் பூசுகிற வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். ஒரு நாள் ட்ராக்கில் ஓட்டிவிட்டு வந்து எந்த நிறம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் வெளுத்திருந்தால் கேள்விக்கே இடமில்லை.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்பதெல்லாம் என்ன?

கொதிநிலைத் தரம். புது ஆயிலுக்குக் குறைந்தபட்சம் டாட் 3-க்கு 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. இந்த ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் ஏறிய நிலையில் அதே எண்கள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். அதனால் எந்த டப்பா வாங்கினீர்கள் என்பதைவிட எப்போது மாற்றினீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. ரேஸுக்கென்று வரும் ஆயில்கள் 300 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், 5.1-இன் தம்பி இல்லை. ஏபிஎஸ் உள்ள காரில் அதை ஊற்றக் கூடாது.

நாலு பிஸ்டனைவிட ஆறு பிஸ்டன் நல்லதா?

எண்ணிக்கையை மறந்துவிடுங்கள், பரப்பளவைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

காலிப்பரின் பிடி பலம் என்பது ஆயில் அழுத்தத்தை ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்போடு பெருக்கினால் வருவது. கம்பெனி காரில் பொதுவாக இருப்பது மிதக்கும் காலிப்பர். அதில் ஒரு பக்கம் மட்டும் ஒரு பெரிய பிஸ்டன். 57 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு 25.5 சதுர செ.மீ. இதற்குப் பதில் ஒரு பக்கத்துக்கு 44, 38 மி.மீ. பிஸ்டன்கள் கொண்ட நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டால் 26.5 சதுர செ.மீ. 38, 34, 28 மி.மீ. கொண்ட ஆறு பிஸ்டன் போட்டால்? அதுவும் கிட்டத்தட்ட 26.6-தான். பிடியில் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அப்படியானால் ஆறு பிஸ்டன் எதற்கு என்றால், பேட் நீளமாக இருக்கும்போது அதன் முழு நீளத்துக்கும் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவதற்கு. பெரிய, நீளமான பேட் என்றால் சூடு தாங்கும் பொருள் அதிகம், தேய நாளாகும். கனமான காருக்கு அது தேவை. இலகுவான காருக்கு நாலே தாராளம். பிஸ்டன்கள் வெவ்வேறு அளவில் இருப்பதும் அலங்காரத்துக்கு இல்லை. டிஸ்க் பேட்டுக்குள் நுழைகிற முனையில் சின்னப் பிஸ்டன் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேயும்.

விற்பவரிடம் பிஸ்டன் விட்டங்களைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

முன்னால் மட்டும் போட்டால் போதுமா?

போதும், போதாது என்பதை முன்-பின் சமநிலைதான் தீர்மானிக்கும். 300 மி.மீ. டிஸ்க்கில் பேட் பிடிக்கிற நடு ஆரம் சுமார் 126 மி.மீ. 355 மி.மீ. டிஸ்க்கில் அது 151 பக்கம் வரும். பிஸ்டன் பரப்பு மாறாமல் டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கினாலே முன் பிரேக்கின் முறுக்கு, அதாவது சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிற பலம், 20 சதவீதம் கூடிவிடுகிறது. அதன் மேல் பெரிய பிஸ்டனும் சேர்ந்தால் முன் சக்கரம் மிகச் சீக்கிரம் தன் எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் துடிக்கும். அந்த நேரத்தில் பின் டயர்கள் பாதி வேலைகூடச் செய்திருக்காது. முடிவில் இவ்வளவு செலவழித்தும் கார் முன்பைவிடத் தூரம் போய் நிற்கும். நான் சொல்வது விளையாட்டுக்கு இல்லை, தப்பாகப் பொருந்திய கிட்டில் இது நிஜமாகவே நடக்கிற காரியம்.

நல்ல கிட் செய்கிறவர்கள் டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது பிஸ்டன் பரப்பைக் கொஞ்சம் குறைத்து, முறுக்கைப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். சூடு தாங்கும் திறன் மட்டும் கூடும், சமநிலை கெடாது. அப்படி உங்கள் காருக்கென்றே கணக்குப் போட்ட கிட் என்றால் முன்னால் மட்டும் போட்டு நிம்மதியாக ஓட்டலாம். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும், பிராக்கெட் மட்டும் வேறு' என்று வருகிற கிட்டை நான் தொடமாட்டேன்.

இதற்கு நேர் எதிரான தப்பு, பின்னால் மட்டும் அல்லது பின்னால் அதிகமாகப் போடுவது. பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் சுற்றிக்கொள்ளும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பின் கிட் போடுவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதையும் முதலில் பாருங்கள். பின் காலிப்பரிலேயே எலக்ட்ரிக் மோட்டார் இருக்கிற காரில் பலர் பழைய காலிப்பரை ஹேண்ட்பிரேக்குக்காகவே தனியாக விட்டுவைக்க வேண்டியிருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டுமா?

மாஸ்டர் சிலிண்டர் என்பது உங்கள் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற பம்ப். பிஸ்டன் பரப்பு பழையதுக்குப் பக்கத்தில் இருந்தால் அதை மாற்ற வேண்டாம். பரப்பு மிகவும் கூடினால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும், பெடல் ஆழமாகப் போகும். குறைந்தால் பெடல் மேலேயே நிற்கும், ஆனால் பலமாக மிதிக்க வேண்டும். கிட் மாட்டிய பிறகு 'பெடல் சூப்பரா இருக்கு' என்று எல்லோரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. விறைப்பான காலிப்பர், ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸ், புது ஆயில் மூன்றும் சேர்ந்து தருகிற உணர்வு அது. அதைத் தனியாகவே விரும்பினால் ஹோஸும் ஆயிலும் மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதிச் சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும்.

என் வீலுக்குள் அடங்குமா?

பொதுவாக 330 மி.மீ. டிஸ்க்குக்கு 17 அங்குல வீல், 355-க்கு 18, 380-க்கு 19. ஆனால் இந்த எண்களை நம்பி ஆர்டர் போடாதீர்கள். விட்டம் சரியாக இருந்தும் வீலின் கம்பிகள் காலிப்பரின் முகத்தில் இடிப்பதுதான் வழக்கமான தொல்லை. ஒரே 18 அங்குலத்தில் ஒரு டிசைன் நுழையும், இன்னொன்று நுழையாது. கிட் செய்பவர்கள் காலிப்பரின் வடிவத்தை நிஜ அளவில் வரைபடமாகத் தருவார்கள். அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, வீலைக் கழற்றி உள்ளே வைத்துச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். அச்சடித்ததும் ஸ்கேலால் ஒரு தடவை அளந்துவிடுங்கள், பிரின்டர் 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டால் எல்லாக் கணக்கும் போச்சு.

யாரும் சொல்லாத ஒன்று: வீல் பேலன்ஸிங் செய்யும்போது உள்பக்கம் ஒட்டுகிற ஈயத் துண்டுகள். காலிப்பருக்கும் வீலுக்கும் இடையே 3 மி.மீ.தான் இருக்கிறது என்றால் அந்தத் துண்டு காலிப்பரில் உரசிப் பிய்ந்துவிடும். டயர்க் கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

துளை போட்ட டிஸ்க்கா, கோடு போட்டதா, வெறும் டிஸ்க்கா?

ட்ராக்குக்குக் கோடு போட்டது. துளை போட்டது பார்க்க அழகு, ஈரத்தில் கொஞ்சம் உதவும், ஆனால் கடும் சூடு ஏறி இறங்கும்போது துளை ஓரங்களிலிருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். வெறும் டிஸ்க் அதிக நாள் உழைக்கும், சத்தமும் குறைவு. ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அதைவிட முக்கியம், டிஸ்க் ஒரே வார்ப்பா, இரண்டு துண்டா என்பது. இரண்டு துண்டில் நடுக் கிண்ணம் அலுமினியம், வெளி வளையம் இரும்பு. சூடானால் வளையம் தன்போக்கில் விரியும். ஒரே வார்ப்பில் நடுப்பகுதி பிடித்து வைத்திருப்பதால் விரிகிற டிஸ்க் குடை மாதிரி லேசாகக் கவிழும். எடையும் மிச்சமாகும். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், கிண்ணம் அப்படியே இருக்கும். வளையம் லேசாக அசையும்படி மாட்டிய சில மிதக்கும் வகைகள் மெதுவாகப் போகும்போது கடகடவென்று சத்தம் போடும், அது கோளாறு அல்ல.

பெரிய கிட் என்றால் எடை கூடுமே?

சில சமயம் கூடும், சில சமயம் குறையும். அலுமினியக் காலிப்பர் பழைய இரும்புக் காலிப்பரைவிட இலகு. டிஸ்க் பெரிதானால் அந்த லாபத்தை அது தின்றுவிடும், இரும்பு வெளி விளிம்பில் இருப்பதால் சுழற்றவும் அதிக பலம் வேண்டும். தேவைக்கு மேல் பெரிய டிஸ்க் போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீலுக்குள் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவு என்று வாங்குகிறவர்கள், சஸ்பென்ஷன் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று அடுத்த மாதம் புலம்புவார்கள்.

பேட் எதைப் போடுவது?

கிட்டோடு வருகிற பேட் பெரும்பாலும் ரோட்டுக்கானது. அதோடு ட்ராக்கில் இறங்கினால் பெரிய கிட்டும் சூட்டில் பிடி இழக்கும், அப்புறம் கிட்டைத் திட்டுவீர்கள். ட்ராக் பேட் நேர் எதிர். காலையில் முதல் பிரேக்கில் பிடிக்காது, கிறீச்சிடும், வீலெல்லாம் தூசி. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் என்று விற்கப்படுவது இரண்டையும் அரைகுறையாகச் செய்யும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வதே மேல். மேல்பக்கமாகப் பேட்டை உருவியெடுக்கிற மாதிரி உள்ள காலிப்பர் என்றால் பத்து நிமிட வேலை. வாங்கும்போதே இதைக் கவனியுங்கள்.

கார்பன் செராமிக் எப்படி?

2001-இல் போர்ஷே தன் 911 ஜிடி2-வில் கொண்டுவந்த பிறகு இது எல்லோருடைய ஆசைப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி எடை, துருப்பிடிக்காது, தூசி மிகக் குறைவு. ஆனால் தொடர்ந்து ட்ராக்கில் ஓட்டினால் அதன் உள்ளே இருக்கிற கார்பன் மெல்ல எரிந்து டிஸ்க்கின் எடை குறையும். புதுசு மாட்டுகிற செலவில் இரும்பு டிஸ்க் பல செட் வாங்கலாம். அதனாலேயே செராமிக்கோடு வந்த காரை ட்ராக்குக்குக் கொண்டு போகிற பலர் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு மாட்டுகிறார்கள்.

எந்த பிராண்ட்?

பிரெம்போ, ஏபி ரேஸிங், ஆல்கான், வில்வுட், ஸ்டாப்டெக், எண்ட்லெஸ் எல்லாம் பேர் போனவை. ஏபி ரேஸிங் 2000-லிருந்து பிரெம்போ கையில்தான் இருக்கிறது, ஆகவே 'பிரெம்போவா, ஏபியா' என்ற சண்டையை நிறுத்தலாம். என் கேள்வி வேறு: ஐந்து வருஷம் கழித்து சீல் கிட்டும் (பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையங்கள்) டிஸ்க் வளையமும் கிடைக்குமா? பேட் வடிவம் பல கம்பெனிகள் செய்கிற பொது வடிவமா? இதற்கு நல்ல பதில் உள்ள பிராண்ட் போதும்.

போலிகள் ஏராளம். பேர் மட்டும் பொறித்த காலிப்பர் உடைகிறதா என்று ஓட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. உங்களுக்கும் வேண்டாம்.

அதே கம்பெனியின் பெரிய மாடலிலிருந்து எடுத்துப் போடலாமா?

பல சமயம் அதுதான் புத்திசாலித்தனம். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் எஸ்டிஐ மாடலின் பிரெம்போ காலிப்பர்களை மாட்டுவது பழைய வழக்கம், 17 அங்குல வீல் இருந்தால் அடங்கும். தூசி மூடி, சீல் எல்லாம் ரோட்டுக்கென்று செய்யப்பட்டவை, உதிரி பாகமும் கிடைக்கும். பழைய காலிப்பர் என்றால் பிஸ்டன் சுலபமாக உள்ளே போகிறதா, துரு இருக்கிறதா என்று பார்த்துப் புது சீல் போட்ட பிறகே மாட்டுங்கள். மாஸ்டர் சிலிண்டர் அளவு இரண்டு மாடலுக்கும் ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரேஸ் காலிப்பரை ரோட்டில் ஓட்டலாமா?

தூசி மூடி இல்லாத காலிப்பர் என்றால் வேண்டாம். மண்ணும் ஈரமும் பிஸ்டன் ஓரத்தில் சேர்ந்து சீலைத் தின்றுவிடும்.

மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

இடது வலது மாறுவதில். ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் துளை, எப்போதும் மேலே இருக்க வேண்டும். காலிப்பரை மாற்றிப் போட்டால் அது கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். டிஸ்க்கிலும் இதே குழப்பம். உள்ளே இருக்கிற காற்றுப் பாதைகள் வளைந்திருந்தால் அவை சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே தெரிகிற கோடுகளைப் பார்த்துத் திசை முடிவு செய்யாதீர்கள், ஓரத்திலிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள்.

போல்ட்டுகளைக் கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், கைக்கணக்கு இங்கே செல்லாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி ஹோஸ் எங்கேயாவது இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். காரை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை அமுக்கிக் கெட்டியாக்குங்கள். முதல் மிதியில் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்டைத் தொடவே பெடல் தரைக்குப் போய்விடும். ஷெட் சுவரில் மோதிய கார்கள் இதை மறந்தவை.

புது பேட்டைப் பழக்குவது அவசியமா?

அவசியம். பேட்டின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கில் சமமாகப் படிந்தால்தான் பிடி வரும். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் 100-லிருந்து 20 வரை, ஓரளவு பலமாக, எட்டுப் பத்து தடவை குறையுங்கள். இடையில் ஒரு தடவைகூட முழுதாக நிற்காதீர்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை கொடுத்திருந்தால் அதையே செய்யுங்கள்.

பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சூடான டிஸ்க்கை வைத்துக்கொண்டு சிக்னலில் பெடலை அமுக்கியபடி நின்றால், பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் உதறுகிறது. மறுபடி பழக்கினால் பல நேரம் போய்விடும். போகாவிட்டால் ஹப்பின் (டிஸ்க் உட்காருகிற நடுப்பகுதி) முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

இன்சூரன்ஸ், சட்டம்?

பிரேக் மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். மாட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

கழற்றிய பழைய பிரேக்கை விற்றுவிடலாமா?

வேண்டாம். காலிப்பர் சீல் கிட்டுக்காக மூன்று வாரம் காத்திருக்கும்போது கார் அதில்தான் ஓடும். காரை விற்கும்போதும் அது வேண்டும், வாங்குகிறவருக்கு 16 அங்குல வீல்தான் பிடிக்கும் என்றால் உங்கள் 355 மி.மீ. டிஸ்க்கை அவர் என்ன செய்வார்? போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி, காலிப்பரின் ஹோஸ் துளைகளை அடைத்து, இடது வலது என்று எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.